ஒரு முழம் இங்காலை

மூத்தவனும் நீயே, கடைக்குட்டியும் நீயே என்று ஆகிப்போன என் ஒரே பிள்ளைக்கு அம்மா எழுதுவது.

அடுத்த வெள்ளிக்கிழமை நீ யாழ்ப்பாணம் போகிறாய். பெட்டிக்குள் நான் வைத்த மிளகாய்த்தூள் பையை வெளியே எடுத்து வைத்துவிட்டு, "அம்மா, யாழ்ப்பாணத்துக்கு ஆராவது தூள் கொண்டு போவினமோ?" என்று சிரித்தாய். நீ குளிக்கப் போன நேரம் நான் அதைத் திரும்பவும் உள்ளே வைத்துவிட்டேன். எந்தச் சப்பாத்துக்குள் என்று சொல்லமாட்டேன். நேரில் என்றால் நானும் நீயும் இப்படியே பகிடியில் காலத்தை ஓட்டிவிடுவோம். நான் வாயைத் திறந்தால் பகிடிதான் முதலில் வெளியே வரும். சொல்ல நினைத்தது பின்னால் நின்று பார்த்துவிட்டு உள்ளே திரும்பிப் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதியதையும் உன் கையில் தராமல் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்குக் கொடுக்கிறேன். பத்து வருடத்துக்கு முன் லண்டனில், இந்த மோர்டனில் என் கையால் சர்க்கரைப் பொங்கல் வாங்கித் தின்ற சனம் எல்லாம் இந்த மலரை வாசிக்கும். அந்தப் பொங்கலின் மிச்சக் கதையை அவர்களுக்கும் நான் சொல்லவேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழைகளை மலரைப் பார்க்கிற ரீச்சர் திருத்தித் தந்தார். மற்றப் பிழைகள் என்னுடையவை.

உன் வேலையைப் பற்றி ஆட்கள் கேட்டால், "கவுன்சிலிலை ரோட்டு அளந்தவன், இப்ப ஊரிலை வேலி அளக்கப் போறான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். நான் வேலை செய்கிற பள்ளிக்கூடத்துச் சமையலறையில் அதை இங்கிலீசில் சொன்னபோது வெள்ளைக்காரிகள் கை தட்டினார்கள். சமாதான வேலைக்குப் போகிற பிள்ளையைப் பெற்ற தாய் என்று எனக்கு ஒரு பெரிய கரண்டி கஸ்டர்ட் கூடுதலாக ஊற்றினார்கள். வேலை என்ன என்று எனக்கு விளங்காமலில்லை. ஆமி குடாநாட்டைப் பிடித்தபோது ஊர் முழுக்க ஒரே நாளில் எழும்பி நடந்தது. ஆறு மாதம் கழித்துப் பாதிச் சனம் திரும்பி வந்து பார்த்தால் மதில் இல்லை, வேலி இல்லை, எந்த வீட்டு வளவு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அரசாங்கம் ரேடியோவில் "வழமை திரும்பிவிட்டது" என்கிறது. உன்னை அனுப்புகிற வெள்ளைக்காரரோ, திரும்பி வந்த ஆட்களைச் சண்டை இல்லாமல் அவரவர் காணியில் இருத்திவிட்டால் நாடு தானாக ஒன்றுசேர்ந்துவிடும் என்கிறார்கள். நீயும் அதை நம்புகிறாய். நம்பு. உன் வயதில் நம்பாவிட்டால் பிறகு எப்போது நம்புவது? எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அதற்கான காரணத்தைத்தான் எழுதப்போகிறேன். காரணம் நான்தான்.

இங்கே பிறந்த பிள்ளைகளும் இதை வாசிக்கலாம் என்பதால் வேலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் இரண்டு வளவுக்கு நடுவில் வரிசையாகக் கதியால் நட்டிருக்கும். கதியால் என்றால் உயிருள்ள தடி. நட்டால் வேர்விட்டுத் துளிர்க்கும். அதில் தென்னோலையில் பின்னிய கிடுகைக் கட்டி மறைப்போம். கிடுகு உக்கிப்போனால் பிடுங்கிவிட்டு வேலியைப் புதிதாக அடைக்கவேண்டும். அந்த நேரம் பார்த்து, செத்துப்போன ஒரு கதியாலுக்குப் பதிலாகப் புதுக் கதியால் ஒன்றை நாலு விரல் அடுத்தவன் பக்கம் தள்ளி நடுவார்கள். அடுத்த முறை இன்னும் நாலு விரல். கேட்டால், தடி அங்கேதான் நின்றது என்று கோயிலில் சத்தியம் செய்வார்கள். இதைச் செய்யாத குடும்பம் எங்கள் ஊரில் இல்லை. என்னைப் பெற்ற ஐயாவும் செய்தவர்தான். ஒரு மாமரத்தையே அப்படி இங்கால் பக்கம் கொண்டுவந்தவர். எங்களுக்குத் தெற்குப் பக்கத்து வளவு மங்கையக்காவுடையது. புருஷன் இல்லை, ஒரு மகள். நான் கலியாணம் கட்டி லண்டனுக்கு வரும்வரை ஐயாவுக்கும் அவவுக்கும் நடந்த வேலிச் சண்டைதான் எங்கள் வீட்டு ரேடியோ.

இப்போது யோகன் மாமாவிடம் வருகிறேன். உனக்கு அவனை ஞாபகம் இருக்கும். எனக்கு ஒரே தம்பி. எண்பத்தைந்தில் வந்து உன் அறையில் உன் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தவன். முதல் பனிக்காலம் மூன்று சுவெட்டருக்கு மேலே என்னுடைய பூப்போட்ட காடிகனையும் போட்டுக்கொண்டு பிஸ்கட் ஃபாக்டரிக்குப் போவான். "அக்கா, ஃபோர்மன் என்னை மேடம் எண்டு கூப்பிடுறான்" என்று வந்து சொல்வான். நீ சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிப் பாலை மூக்கால் விட்டாய். அவனுக்கு இந்த ஊர் பிடித்திருந்தது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை, இல்லை, கவனித்தும் கணக்கில் எடுக்கவில்லை. கார் ஓடப் பழகினான். பிஸ்கட் பெட்டி மட்டையில் ரவுண்டபவுட் கீறி வைத்து, உன்னுடைய விளையாட்டுக் காரை அதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

எண்பத்தேழு ஆடியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. சமாதானம் காக்க வெளியிலிருந்து ஒரு ஆமி வந்து இறங்கியது, இயக்கப் பெடியள் ஆயுதத்தைக் கையளிக்கிறார்கள் என்று ரீவியில் காட்டினார்கள். நான் ரீவியைத் தொட்டுக் கும்பிட்டேன். பெரிய கிடாரத்தில் சர்க்கரைப் பொங்கல் வைத்து, எங்கள் தெருவில் ஒரு கதவு விடாமல் தட்டிக் கொடுத்தேன். எதிர் வீட்டுக் கிழவர் என்ன விசேஷம் என்று கேட்டார். "வார் ஃபினிஷ், வீ கோ ஹோம்" என்றேன். மனுஷன் ஏதோ நாங்கள் அன்றைக்கே வீட்டைக் காலி செய்யப்போகிறோம் என்று நினைத்துக் கவலைப்பட்டார். அந்தக் கிழமை முழுக்க நான் தமிழ் ஆட்களைக் கண்ட இடத்திலெல்லாம், "இனிப் பயமில்லை, எல்லாரும் பெட்டியைக் கட்டுங்கோ" என்று சொல்லித் திரிந்தேன். சிலர் சிரித்தார்கள். சிலர் அழுதார்கள். நானே இரண்டையும் செய்தேன்.

மூன்று கிழமை கழித்து ஐயாவிடமிருந்து கடிதம் வந்தது. ஊரில் சத்தம் ஓய்ந்திருக்கிறது, ரெயின் ஓடுகிறது, மங்கை வேலி அடைக்கத் தொடங்கிவிட்டாள், கதியாலை ஒரு முழம் இங்காலை நட்டிருக்கிறாள், எனக்கு எழும்பி நின்று சண்டை பிடிக்கத் தெம்பில்லை என்று எழுதியிருந்தார். மகனே, அதற்கு முதல் நாலு வருடம் ஊரில் நடந்த எதைக் கேட்டும் நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்ததில்லை. அன்றைக்குத் தள்ளி வைத்தேன். ஒரு முழம்! நாங்கள் இருந்தது லோண்டரிக் கடைக்கு மேலே இரண்டு அறை. கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கும். ஊரில் அந்த ஒரு முழம் போவதை மட்டும் என்னால் பொறுக்க ஏலவில்லை.

யோகனைப் பிடித்து இருத்தினேன். "நீ போ. போய் வேலியைப் பார். நீ ஒரு ஆம்பிளை வளவுக்குள்ளை நிண்டால் அவள் தானாக் கதியாலைப் பிடுங்குவாள்."

"அக்கா, வாற மாதம் எனக்கு டிரைவிங் டெஸ்ட்."

"கார் ஓடி எங்கை போகப்போறாய்? மோர்டனுக்கு அங்காலை ரெயினே இல்லை."

அவன் சிரித்தான். பிறகு மெல்லமாகச் சொன்னான், "என்ரை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. திரும்பிப் போறன் எண்டு கையெழுத்து வைச்சால் பிறகு வரேலாது."

"ஏன்ரா வரவேணும்? நாங்களும்தானே பின்னாலை வாறம்."

உன் அப்பா மட்டும், "கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்பம்" என்றார். "நீங்கள் பொறுத்துப் பொறுத்துத்தான் தலைமயிர் எல்லாம் போனது" என்று அவருடைய வாயையும் அடைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்தே அவனைக் கையெழுத்து வைக்கப் பண்ணினேன். ஏர்போட்டில் நீ அவனுடைய கையை விடாமல் நின்றது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. பதினான்கு வயதுப் பெடியன் கூட்டத்துக்குள் அழுகிறான் என்று நான் உன்னைக் கேலி செய்தேன். அதற்கும் சேர்த்து இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

அவன் போய் வேலியைச் சரிக்கட்டினான். எப்படி என்று நினைக்கிறாய்? சண்டை பிடித்தல்ல. மங்கையக்கா வீட்டில் தேத்தண்ணி குடித்து, அவவுடைய மகளுக்குச் சைக்கிள் செயின் பூட்டிக் கொடுத்து, கடைசியில் அரை முழம் நீங்கள், அரை முழம் நாங்கள் என்று பேசி முடித்து, புதுக் கிடுகு வாங்கி இருவருமாகவே அடைத்தார்களாம். அதை ஒரு வெற்றியாக எனக்கு எழுதினான். நான் பதில் எழுதினேன்: "அரை முழத்தை ஏன் விட்டனி? முழுதையும் வாங்கு." அந்தப் பதில் அவனுடைய கைக்குக் கிடைத்ததோ இல்லையோ தெரியாது. கிடைக்காமல் போயிருக்கவேண்டும் என்றுதான் இன்றுவரை சாமியிடம் கேட்கிறேன்.

ஐப்பசியில் சமாதானம் காக்க வந்தவர்களுக்கும் பெடியளுக்கும் சண்டை தொடங்கியது. அதற்குப் பிறகு கடிதமும் இல்லை, ஃபோனும் இல்லை. தை பிறந்த பிறகு ஒரு கடிதம் வந்தது. ஐயாவின் எழுத்தல்ல. மங்கையக்காவின் எழுத்து. அதை நான் மனப்பாடமாகச் சொல்லுவேன். "தங்கச்சி, யோகன் தம்பி வேலியடியிலை நிண்டவர். ஷெல் எந்தப் பக்கத்தாலை வந்தது எண்டு தெரியாது. ஊரடங்கு. சுடலைக்குக் கொண்டு போக ஏலாது, வெளியிலை தலை காட்டேலாது. ரெண்டு நாள் வைச்சிருந்து பாத்தம். பிறகு நானும் மகளுமா வேலியைப் பிடுங்கி, தடியும் கிடுகுமா அடுக்கி, ரெண்டு வளவுக்கும் நடுவிலை வைச்சு எரிச்சனாங்கள். ஐயா கொள்ளி வைச்சவர். பெண்டுகள் செய்யக்கூடாததைச் செய்துபோட்டம், குறை நினையாதை."

யோகன் இறந்துபோனான் என்பது உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை உனக்குக் காட்டியதில்லை. காட்டாததற்குக் காரணம் துக்கம் என்று நீ நினைக்கலாம். வெட்கம். அந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும் முதலில் எனக்குள் வந்த நினைப்பு என்ன தெரியுமா? அப்படியென்றால் இப்போது வேலி இல்லை, எல்லை எங்கே என்று யார் சொல்லுவது? தம்பி எரிந்த சூடு ஆறவில்லை, எனக்கு அதுதான் வந்தது. பிறகுதான் அழுகை வந்தது. அவனை எரித்த கைக்கு ஒரு வரி நன்றி எழுதவில்லை. அடுத்த வருடம் ஐயாவும் போனபிறகு, ஊரில் ஒரு சொந்தக்காரரைப் பிடித்து மங்கையக்கா மேல் எல்லை வழக்குப் போட்டேன். முழு முழத்துக்கும். வழக்குப் போட்ட கோர்ட்டுக் கட்டிடம் பிறகு ஷெல்லில் இடிந்தது. நீதவான் எந்த நாட்டில் இருக்கிறாரோ தெரியாது. ஆனால் வழக்கு மட்டும் உயிரோடு இருக்கிறது. கட்டிடம் விழுந்தாலும் கடதாசி விழாது போலிருக்கிறது.

மங்கையக்காவும் எல்லாரோடும் நடந்து போய், ஆறு மாதம் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் கிடந்து, திரும்பி வந்திருக்கிறா. வீட்டுக்கு நாலு சுவர்தான் மிச்சம். கூரைக்குத் தகரமும் மரமும் நிவாரணமாகக் கொடுக்கிறார்கள். ஆனால் வழக்கு உள்ள காணிக்குக் கொடுக்கமாட்டார்களாம், லண்டன்காரியிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்களாம். அவ எனக்கு எழுதினா. நான் பதில் போடவில்லை. அந்தக் கடிதம் சீனிப் போத்தலுக்குப் பின்னால் இருந்து உன் கையில் அகப்பட்டது. போன மாதம் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கேட்டாய்.

"அம்மா, ஜஸ்ட் சைன் பண்ணுங்கோ. ஒரு முழம்தானே. அந்த மனுஷி மழையிலை இருக்குது."

"முழம் எண்டால் எவ்வளவு எண்டு உனக்குத் தெரியுமோ? நீ மீட்டரிலை படிச்சனி."

"அம்மா, பகிடி விடாதேங்கோ."

"சரி, உன்ரை முழமோ என்ரை முழமோ? உன்ரை கை நீளம்."

நீ எழும்பி மேலே போய்விட்டாய். அப்பா ரீவியைப் பார்த்தபடி, "உன்ரை நாக்கை நெருப்பிலை போட்டாலும் வேகாது" என்றார். பகிடி விடாமல் கோப்பைகளை எடுத்துக் கழுவப் போனேன். அது எனக்கே புதுமை.

நீ அறியாத ஒன்று சொல்கிறேன். போன கிழமை சமையலறைக்கு லீவு போட்டுவிட்டு ரெய்னர்ஸ் லேனுக்குப் போனேன். லண்டனின் ஒரு தொங்கலிலிருந்து மற்றத் தொங்கலுக்கு. சீலைக்கடைக்கு மேலே இருக்கிற எங்கட சட்டத்தரணித் தம்பி கடதாசியை ஏற்கெனவே ரைப் செய்து வைத்திருந்தார். "அக்கா, வாசிச்சுக் காட்டட்டோ?" என்றார். வாசித்தார். அந்தத் துண்டுக் காணியில் எனக்கு ஒரு உரித்தும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன் என்று இருந்தது. பேனையைக் கையில் எடுத்தேன். கையெழுத்து வைக்கிற இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளடிக் குறி போட்டு வைத்திருந்தார். அந்தப் புள்ளடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு உரித்தில்லாத மண் என்று நானே எழுதிவிட்டால், பிறகு என்னத்துக்காகத் தம்பியை அனுப்பினேன்? அவன் சும்மா செத்தவனாகிவிடுவானே. அந்த ஒரு முழம் எங்களுடையது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும் வரைதான் அவன் எதற்காகவோ செத்தவன். "தம்பி, பேனையிலை மை இல்லை" என்றேன். அவர் வேறு பேனை தந்தார். "கண்ணாடி கொண்டு வரேல்லை" என்றேன். கண்ணாடி என் தலையில் இருந்தது. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், தேத்தண்ணி குடித்தேன், அவருடைய பிள்ளைகளைப் பற்றி விசாரித்தேன், எழும்பி வந்துவிட்டேன். கடதாசி இப்போதும் அங்கே கிடக்கிறது.

இதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். ரோட்டைத் திறக்கலாம், கரண்ட் கம்பி இழுக்கலாம், கப்பல் விடலாம், கொழும்புப் பேப்பரில் கொடி ஏற்றுகிற படம் போடலாம். ஆனால் விட்டுக்கொடுக்கவேண்டிய ஒவ்வொரு முழத்திலும் ஒரு பிள்ளை கிடக்கிறது. எங்களுக்கு மட்டுமில்லை. அங்கால் பக்கம், தெற்கே எங்கேயோ ஒருத்தி இருப்பாள். அவளுடைய மகன் ஆமிச் சட்டையோடு வந்து அந்த மண்ணில் விழுந்திருப்பான். அது உன்னுடைய இடமில்லை, விட்டுவிடு என்றால் அவளும் பேனையில் மை இல்லை என்றுதான் சொல்லுவாள். செய்தது பிழை என்று எனக்கு நன்றாகத் தெரியும். மங்கையக்கா நல்லவ என்று தெரியும். மழை பெய்யும் என்று தெரியும். இவ்வளவும் தெரிந்த எனக்கே, ஒரு முழத்தை, அதுவும் இனி ஒரு நாளும் போய்க் கால் வைக்கப்போகாத ஒரு முழத்தை விட ஏலவில்லை. ஒன்றும் தெரியாத லட்சம் சனத்தை நீயும் உன்னுடைய அளவு நாடாவும் என்ன செய்யப்போகிறீர்கள்?

போகாதே என்று சொல்லவில்லை. ஒருவனைப் போ என்று சொல்லி ஒரு தரம் பட்டுவிட்டேன். உன்னைப் போகாதே என்று சொல்லுகிற உரிமையும் அதோடு போய்விட்டது. அங்கே போனால் சென்றிக் காவலில் நிற்கிற ஆமிக்காரனோடு பகிடி விடாதே; அந்தப் பழக்கத்தை என்னிடமிருந்து நீ கொஞ்சம் எடுத்திருக்கிறாய். போனவுடன் நாடாவை விரிக்காதே. முதலில் தேத்தண்ணியைக் குடி, யோகனைப் போல. அரை முழம் அரை முழம் என்று அவன் செய்ததுதான் எங்கள் குடும்பத்தில் யாரும் செய்த ஒரேயொரு சமாதானம். அது ஒரு மாதம் நின்றது. இன்னுமொன்று. எந்த மனுஷருக்கும், "இனிப் பயமில்லை, வீட்டுக்குப் போங்கோ" என்று உன் வாயால் சொல்லாதே. அது தெரிந்து சொல்லுகிற ஆள் இந்த உலகத்தில் இல்லை. நான் பொங்கல் கிண்டிச் சொன்னேன். என் சொல்லைக் கேட்டு வேறு யாராவது போயிருந்தால், அவர்கள் இந்த மலரை வாசித்தால், என் வீட்டுக் கதவு எந்த நேரமும் திறந்திருக்கும். வந்து ஏசுங்கள்.

மங்கையக்காவைக் காண்பாய். நீ யார் என்று கேட்டால் சொல்லு, மறைக்காதே. ஏன் அம்மா கையெழுத்து வைக்கவில்லை என்று கேட்டால் இந்த மலரைக் கொடு. அவ எழுத்துக்கூட்டி வாசிப்பா.

நீ அளக்கப் போகிற ஒவ்வொரு தெருவிலும் என்னைப் போல ஒருத்தி இருப்பாள், ராசா. சிரித்த முகமாகக் கதவைத் திறப்பாள், கதிரை தருவாள், உன் உயரத்தைப் பற்றிப் பகிடி விடுவாள், கையெழுத்து மட்டும் வைக்கமாட்டாள். அவளோடு கோபித்துக்கொண்டு எழும்பிப் போகாதே. அடுத்த நாளும் போய்க் கேள், அதற்கடுத்த நாளும் கேள். நீ என்னிடம் ஒரு தரம்தான் கேட்டாய்.

உன் அம்மா